காயத்தின் பக்கத்திலிருந்து

பதினோரு நவம்பராக
லூயிஸ்டவுன் சுற்றுவட்டாரத்து மான்களையெல்லாம்
என் மேசையில்தான் பிரிக்கிறேன்.
இதுவரை ஒரு தோட்டாவும் சுட்டதில்லை.
ஆனால் துப்பாக்கிகளைத் தெரியும்,
உள்ளே போன வழியாகவும்
வெளியே வந்த வழியாகவும்.

கடையில் டுவேன் முதலில் எடுத்து நீட்டியது
முந்நூறு மேக்னம்.
"எல்க்குக்கும் ஆகும், கரடிக்கும் ஆகும்,
ஒருதரம் வாங்கினால் ஆயுசுக்கும்" என்றான்,
பள்ளி திறக்கும் முன்
இரண்டு அளவு பெரிதாய்ச் செருப்பு வாங்கும்
தகப்பன் மாதிரி.

போன வருடம் ஒரு மேக்னம் மானை
உரித்தேன் டுவேன்.
முன்தொடை இரண்டும் கருஞ்சிவப்புக் கூழ்.
பன்னிரண்டு பவுண்டு வாளிக்குப் போயிற்று.
சுட்ட பையனின் புருவத்தில்
ஸ்கோப்பின் விளிம்பு பிறை கீறியிருந்தது.
அடுத்த மானை அவன் வயிற்றில் சுட்டான்.
உதைக்குப் பயந்த தோள்
வயிற்றில்தான் சுடும்.
மூன்று தரம் கழுவியும் போகாத
அந்த நாற்றத்தை விலைச்சீட்டில் எழுதுவாயா?

மாரென் பேசவில்லை.
பதின்மூன்று வயது. பல்லில் கம்பி. இடது கை.
இடதுகைக்காரிக்கு வலதுகைத் துப்பாக்கி
மூக்குக்கு முன்னால் பித்தளையைத் துப்பும்.
கடை முழுக்கத் தேடியதில்
இடக்கை ரைஃபிள் ஒன்றே ஒன்று,
டூ-ஃபார்ட்டி-த்ரீ, யாரோ விற்றுப்போனது,
குழலருகே முள்வேலி உரசிய கீறலோடு.

முழங்கையை மடக்கச் சொல்லி
மடிப்பில் அடிக்கட்டையை ஊன்றிப் பார்த்தோம்.
விரல் விசைக்கு எட்ட
அரை அங்குலம் குறைந்தது.
"அறுத்துத் தருகிறேன்."
அறுத்த துண்டையும் கொடு என்றேன்,
அடுத்த வருடம் அவள் கை நீளும்.

பணத்துக்கு,
வட டகோட்டா எண்ணெய்க்குப் போன க்ளேட்டன்
பீரோவுக்குப் பின்னால் விட்டுப்போனதை
லாரியிலிருந்து எடுத்து வந்து வைத்தேன்.
அதுவும் முந்நூறு மேக்னம்.
டுவேன் என்னைப் பார்த்தான்,
அதைப் பார்த்தான்,
நல்ல விலைதான் போட்டான்.
மீதிக்கு நான்கு சனிக்கிழமை ஓவர்டைம்.

ஜல்லிக் குழியில் இருபது தோட்டா.
நடுவே ஒன்று, மருந்தில்லாதது,
அவளுக்குத் தெரியாமல் செருகினேன்.
விசை 'டிக்' என்றது.
குழல் இமைக்கவில்லை.
எனக்குத்தான் தோள் குலுங்கிப்போனது,
இருபதடி தள்ளி, காதைப் பொத்திக்கொண்டு.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு
பக்கத்துப் பண்ணை ஓடெட்டின் வண்டியில்
ஒரு பெட்டைமான் வந்தது.
மாரென் கதவோரம் நின்றாள்,
தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

நான் எதுவும் கேட்கவில்லை.
தோலை விலக்கினேன், விரலை வைத்தேன்.
இருக்க வேண்டிய இடத்துக்கு
ஒரு சாண் பின்னால்.
வயிறில்லை. ஈரல்.
பனியில் நானூறு தப்படி
நடந்திருக்கும் அது.

அவளுக்காக நானே சாக்குகளைத்
தயாராக வைத்திருந்தேன்:
ஜூடித் மலையிலிருந்து இறங்கும் காற்று,
அறுத்த கட்டை,
யாரோ விற்றுப்போன துப்பாக்கி,
நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கி.

கூடம் கோணல் என்று
அவள் சொல்லவில்லை.
"ஒரு கால் எடுத்து வைத்தது, அம்மா.
வைக்கப் போகிறது என்று தெரிந்தது.
தெரிந்தும் சுட்டேன்."

பிறகு தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு
வாளியை எடுத்து வந்தாள்.
நான் கத்தியின் பிடியை
அவளுடைய இடது பக்கம்
திருப்பி வைத்தேன்.